மூடாங்கலம் என்றொரு சொல்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கௌரி டீச்சரின் நெஞ்சு வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து குறுகுறுப்பதோடு நிற்கவில்லை. உரலில் போட்டு இடிப்பதுபோல இடித்துக்கொண்டே இருந்தது.

விடாமல் படித்து வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் கௌரி தமிழாசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லாட்டப் போட்டி நடந்தது. ஜெயிக்கிறவர் சேலத்தில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போவார். கடைசிச் சுற்றில் மிஞ்சியவர்கள் பத்தாம் வகுப்புக் கிறிஸ்டோவும், அதே வகுப்புக் கீர்த்தனாவும். கீர்த்தனா வேறு யாருமில்லை, கௌரியின் நாத்தனார் சுதாராணியின் மகள். பக்கத்துக் கொட்டச்சேடு கிராமத்தில் ஒரே வாசலைப் பார்த்த இரண்டு வீடுகள், ஒன்றில் கௌரியும் அவள் கணவன் ஜீவானந்தமும், மற்றதில் தாயும் மகளும். சுதாராணியின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

கொடுத்த தலைப்பு, சமையலறைப் பாத்திரங்கள். மாற்றி மாற்றி ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். அண்டா, குண்டான், கொப்பரை, வாணலி என்று பாத்திரமெல்லாம் தீர்ந்துகொண்டே வந்த நேரத்தில் கீர்த்தனா சொன்னாள், "மூடாங்கலம்."

"அப்படி ஒரு சொல்லே இல்லைங்க மேடம்!" என்று கிறிஸ்டோ எழுந்துவிட்டான்.

அகராதியைப் புரட்டினார்கள், இல்லை. கைப்பேசியில் தேடினார்கள், அதிலும் இல்லை. சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், குப்பனூர் வழியில் வளைந்து வளைந்து வந்த கார் பயணத்தில் ஏற்கனவே தலைசுற்றிப் போயிருந்தவர், "அவங்கவங்க வீட்டில் பேசறதெல்லாம் சொல்லுன்னா அகராதி எதுக்கும்மா?" என்று சிரித்தார். கூடமும் சிரித்தது.

ஆனால் போட்டி விதியில் ஒரு வழி இருந்தது. அகராதியில் இல்லாவிட்டாலும், 'இதை மக்கள் பேசிக் கேட்டிருக்கிறேன்' என்று நடுவர்களில் ஒருவர் சொன்னால் போதும், சொல் செல்லும். தலைமையாசிரியை ஈவ்லின், நடுவர் நாற்காலியில் இருந்த கௌரியின் பக்கம் திரும்பினார்.

"கௌரி, நீங்க கொட்டச்சேட்டுல வாழ்க்கைப்பட்டவங்க. இப்படி ஒரு சொல்லைக் கேட்டிருக்கீங்களா?"

"கேட்டதில்லைங்க மேடம்," என்றாள் கௌரி.

அவ்வளவுதான். கப்பு கிறிஸ்டோவின் கைக்குப் போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதைக் கூடம் நிறைய ஆள் இருக்கும்போது செய்தாள் நம் டீச்சர்.

ஏன் செய்தாள்? அன்று காலை ஆசிரியர் அறையில் யாரோ ஒருத்தி, "நாத்தனார் பொண்ணு ஆடுது, அத்தை நடுவர். கப்பு இப்பவே கொட்டச்சேடு போயிருச்சு" என்று கிண்டல் செய்திருந்தாள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயம். அது பாதிக் காரணம். மீதிப் பாதியைக் கௌரி தன்னிடமே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பேராசிரியர் சிரித்த அந்தச் சிரிப்பு தன் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்ற கூச்சம்தான் அது. சேலத்தில் பிறந்து எம்.ஏ. தமிழ் படித்தவளாயிற்றே!

சனிக்கிழமை காலை. பனி விலகிப் பத்து மணி வெயில் வாசலில் விழுந்திருந்தது. காப்பிப் பழம் பறிக்கும் காலம், வாசல் நிறையக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. சுதாராணி காலால் அதைக் கிளறிவிட்டபடியே பேசினாள்.

"அண்ணீங்க, நேத்து ராத்திரியும் புள்ள ஒரு வாய் திங்கலைங்க. காத்தாலயும் வேண்டாம்னுட்டா."

"தோத்துட்டா வருத்தமாத்தானே இருக்கும் சுதா. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்."

"தோத்ததுக்கு இல்லீங்களாமா. அவ சொன்ன சொல்லையே இல்லைன்னு சாதிச்சுட்டாங்களாம் எவளோ ஒரு டீச்சரம்மா. எந்த டீச்சருன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா. நீங்களும் அங்கதானே இருந்தீங்க? ஆருங்க அண்ணி அது?"

கௌரி துவைத்த துணியை உதறினாள். ஏற்கனவே உதறியாகிவிட்ட துணிதான் அது.

"ஒருத்தரா முடிவு பண்றதில்லை சுதா. அது போட்டியோட விதி."

"என்ன விதியோ போங்க! மூடாங்கலம்னு ஒண்ணு இல்லைன்னா, இந்த ஊட்டுல இத்தனை வருசமா நாம வெச்சதெல்லாம் என்னவாமா? அந்த டீச்சரம்மா ஊட்டுல ஆரும் கோவிச்சுக்கவே மாட்டாங்களாட்டம் இருக்குது."

தேள் கொட்டிய திருடன் கத்தவா முடியும்? கௌரி அதே துணியைக் கொடியில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள்.

மூடாங்கலம் என்றால் என்ன என்று இன்னும் சொல்லவில்லை, இல்லையா? ஜீவானந்தத்தின் வகையறாவில் இது வழக்கம். வீட்டில் ஒருவர் கோபித்துக்கொண்டு சாப்பாட்டை மறுத்தால், அவர் பங்கைக் கலத்தில் போட்டு, மேலே தட்டைக் கவிழ்த்து, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்துவிடுவார்கள். அடுத்த வேளை வந்தால் பழசை மாட்டுக்குக் கொட்டிவிட்டுப் புதுசு வைப்பார்கள். கோபித்தவர் அதைத் திறக்க மாட்டார். யார் பேச்சால் கோபம் வந்ததோ, அவர் கையால்தான் தட்டை எடுக்க வேண்டும். எடுத்து முதல் வாய் அவர் சாப்பிட வேண்டும். தப்பு என்னுடையது என்று வாய் திறந்து சொல்லத் தேவையில்லை, தட்டை எடுத்தால் அதுதான் அர்த்தம்.

கல்யாணமான முதல் வருஷம் ஜீவானந்தம் நாலு பேர் முன்னால் கௌரியின் அப்பாவைப் பற்றி ஏதோ எகத்தாளமாகச் சொல்லிவிட்டான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சேலத்தில் அண்ணன் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வேண்டா வெறுப்பாகத் திரும்பி வந்தபோது, அடுப்பு மேடையில் ஒரு கலம் மூடியிருந்தது. அவள் இல்லாத நாட்களிலும் வேளை தவறாமல் வைத்திருக்கிறார்கள். ஜீவானந்தம் ஒன்றும் பேசாமல் வந்து தட்டை எடுத்தான். ஒரு வாய் சாப்பிட்டான். அன்றைக்கு அவள் அழுத அழுகைக்குப் பிறகுதான் இந்த வீடு அவளுக்குத் தன் வீடாயிற்று.

அந்தச் சொல்லைத்தான் கேட்டதில்லை என்றாள்.

மத்தியானம் சுதாராணி களியும் அவரைக்குழம்பும் போட்ட கலத்தைக் கொண்டுவந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் கல்மேடையில் வைத்துத் தட்டைக் கவிழ்த்தாள்.

"என்ன பண்றே சுதா?" என்றாள் கௌரி.

"வழக்கத்தை விடறதா அண்ணி? அந்த டீச்சரம்மா வந்து தெறக்கட்டும். வராட்டிப் போகட்டும். புள்ளைக்கு வெச்ச மாதிரி இருக்குமில்லீங்க."

அந்த நேரம் பார்த்து ஜீவானந்தம் பழ மூட்டையோடு தோட்டத்திலிருந்து வந்தான். மூட்டையை இறக்கி வைத்து, கலத்தைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"இல்லாத சொல்லா? நல்லா இருக்குதே! பொஸ்தகத்தைப் பாத்துட்டுத்தான் கோவிச்சுக்கோணும்னு சொல்லுவாங்களாட்ட."

"அப்படி இல்லீங்க," என்றாள் கௌரி. டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? "ஒரு சொல்லுன்னா பத்து ஊர்ல புழங்கணும். எழுத்துல இருக்கணும். நாலு ஊட்டுல மட்டும் பேசறதைப் போட்டியில எப்படிச் சேத்துக்கறது?"

"நாலு ஊட்டுக்காரனும் மனுசன்தானே? ஒருத்தன் சொல்லி இன்னொருத்தனுக்குப் புரிஞ்சா அது சொல்லு. மூடாங்கலம்னா உனக்குப் புரியாதா?" அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "ஆமா, நீ நடுவராத்தானே போயிருந்தே? உனக்கே நொம்பத் தடவை வெச்சிருக்குதே. நீ எடுத்துச் சொல்லலையா?"

சுதாராணியும் திரும்பிப் பார்த்தாள். உள்ளே, சுதா வீட்டு ஜன்னல் ஓரம், கீர்த்தனாவின் பின்னல் தெரிந்தது.

"சொன்னேன்," என்றாள் கௌரி. "அவங்க கேக்கலை."

ஒரு பொய்யைத் தனியாக விட்டால் அது பயந்துபோய்த் துணைக்கு இன்னொன்றைக் கூப்பிடும். ஜன்னலில் பின்னல் மெல்ல நகர்ந்து உள்ளே போனது. கௌரி சமையலறைக்குள் போய், வேலை ஒன்றும் இல்லாத அடுப்பின் முன்னால் நின்றாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

போன் வந்தது. ஈவ்லின் மேடம்.

"கௌரி, ஒரு நல்ல செய்தி. காலைல கிறிஸ்டோ அவங்க அம்மா மரியசெல்வியோட என் வீட்டுக்கு வந்தான். கப்பைக் கொண்டுவந்து மேஜை மேல வெச்சுட்டான்."

"ஏனுங்க மேடம்?"

"வீட்டுல போய்ப் பெருமையாச் சொல்லியிருக்கான், கீர்த்தனா இல்லாத சொல்லைச் சொல்லித் தோத்துட்டான்னு. மரியசெல்வி எஸ்டேட்டுல கொட்டச்சேட்டுப் பொம்பளைங்களோட பழம் பறிக்கப் போறவங்க. 'அது இருக்கிற சொல்லுடா, நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்'னு அவங்க சொல்லியிருக்காங்க. பையன் ராத்திரியெல்லாம் தூங்கலையாம்."

கௌரி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சாயங்காலத்துக்குள்ள சேலத்துக்குப் பேர் அனுப்பணும். கீர்த்தனா பேரையே அனுப்பிடறேன். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க கௌரி. நீங்க சேலத்துக்காரங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கௌரி சொன்னது வேறு வார்த்தை.

"சரிங்க மேடம். நொம்ப நன்றிங்க."

போனை வைத்ததும் அவளுக்கு வந்தது நிம்மதி. அப்பாடா என்ற நிம்மதி! கப்பு வந்துவிட்டது, பெயர் சேலத்துக்குப் போகப்போகிறது, யாருக்கும் எதுவும் தெரியாது. சொல்லாமலே எல்லாம் சரியாகிவிட்டது. மலைச்சாமி சேர்வராயனுக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தாள். சாமிக்கும் சேர்த்துத்தான் லஞ்சம்.

கீர்த்தனா வீட்டுக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து, காய்ந்த மிளகைக் காம்பு நீக்கிக்கொண்டிருந்தாள். கௌரி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"கண்ணு! கப்பு உனக்குத்தான். சேலத்துக்கு நீதான் போறே!"

கீர்த்தனா நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கௌரி அதைப் பார்த்தாள், பார்த்ததும் பயந்தாள்.

"சொல்லு செல்லும்னுட்டாங்களா அத்தை?"

"ஆமா சாமி."

"ஆரு போய்ச் சொன்னாங்க?"

கௌரி ஒரு நொடி தயங்கினாள்.

"கிறிஸ்டோவோட அம்மா."

வெளிச்சம் போய்விட்டது. "ஓ, அவங்களா" என்று மறுபடி மிளகைத் தேய்க்க ஆரம்பித்தாள் பெண்.

"சந்தோசமா இல்லையா கண்ணு?"

"கப்பை அவனே வெச்சுக்கட்டுங்க அத்தை."

"ஏன் அப்படிச் சொல்றே?"

கீர்த்தனா கையிலிருந்த மிளகுத் தூசியை ஊதினாள். சண்டைக்காரப் பெண் இல்லை அவள். அதனால்தான் அவள் பேசியது ஒவ்வொன்றும் போய்த் தைத்தது.

"எங்கிட்ட இன்னும் தூக்குப்போசி பாக்கி இருந்துச்சுங்க. ஈயச்சட்டி இருந்துச்சு. அதைச் சொல்லியிருக்கலாம். நீங்க எதிர்ல உக்காந்திருந்தீங்க. மூடாங்கலம்னு சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும்னு நெனைச்சேன். மாமா தட்டைத் தெறந்த கதையை நீங்கதானே எனக்குச் சொன்னீங்க. அதுக்குத்தான் சொன்னேன்."

கௌரி குனிந்து, சிதறிய மிளகு இரண்டைப் பொறுக்கிப் போட்டாள்.

"இல்லாத சொல்லுன்னு அவங்க எல்லாரும் சொன்னாங்க, அது பரவால்லீங்க. அவங்களுக்குத் தெரியாது. நீங்க கேட்டதே இல்லைன்னீங்களே அத்தை."

"பயந்துட்டேன் சாமி. ஒருதலைப்பட்சம்னு பேசுவாங்கன்னு..." பாதியில் நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் முன்னால் பாதிக் காரணத்தைச் சொல்லி நிற்பது இன்னும் கேவலமாக இருந்தது. "அவர் சிரிச்சாரில்ல, அந்தப் பேராசிரியர். என்னையும் பார்த்துச் சிரிப்பாரோன்னு வெக்கமாப் போச்சு. அதான் நிஜம்."

கீர்த்தனா தலையாட்டினாள். "அம்மாகிட்ட நான் சொல்லலீங்க அத்தை," என்றாள். "சொல்லவும் மாட்டேன். நீங்க பயப்படாதீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தன்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு சின்னப் பெண் பட்டினி கிடந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கௌரி திரும்பி நடந்தாள். எங்கே கால் வைக்கிறோம் என்று தெரியாமல் காய்ந்த காப்பிக்கொட்டை மேலேயே நடந்தாள்.

மலையில் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும். ஐந்து மணிக்கே பனி பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. ஜீவானந்தமும் சுதாராணியும் கொட்டையைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்மேடையில் மத்தியானக் களி போய், சூடாக வேறு களி வந்திருந்தது. தட்டின் ஓரத்தில் ஆவி தெரிந்தது.

கௌரி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையைக் கழுவியிருந்தாள். நேராகக் கல்மேடைக்குப் போனாள்.

"அந்தப் பக்கம் கல்லைத் தூக்கி வெய் கௌரி, தார்ப்பாய் பறக்குது," என்றான் ஜீவானந்தம்.

அவள் காதில் விழவில்லை. கலத்தின் முன்னால் நின்றாள். திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது, அதுவும் தெரியும்.

தட்டை எடுத்தாள்.

துடைப்பச் சத்தம் நின்றது. சுதாராணி குனிந்தவள் குனிந்தபடியே பார்த்தாள்.

"அண்ணி, அதை ஏனுங்க நீங்க..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

வழக்கப்படி அதற்கு மேல் பேச்சு வேண்டாம். ஆனால் வாயால் செய்த தப்பை வெறும் கையால் தீர்த்துவிட்டுப் போவது சரியில்லை என்று கௌரிக்குப் பட்டது.

"அந்த டீச்சரம்மா நான்தான் சுதா. கேட்டதில்லைன்னு சொன்னது நான்தான்."

"சொன்னேன், கேக்கலைன்னியே?" ஜீவானந்தம் தார்ப்பாயைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"அதுவும் பொய்ங்க."

சுதாராணி நிமிர்ந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கௌரி அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது.

"எம் புள்ளைய அத்தனை பேரு சிரிக்கறப்ப, நீங்களும் அங்க உக்காந்துட்டு..." சுதாராணி மேடைப் பக்கம் இரண்டடி வந்தாள். "காத்தால இருந்து உங்ககிட்டயே போய்க் கேட்டுட்டிருந்தனே, ஆருன்னு! பைத்தியக்காரி மாதிரி!"

வீட்டுக்குள் போனாள். கதவு சாத்திய சத்தத்தில் கோழி ஒன்று கூடையிலிருந்து எகிறிக் குதித்தது.

கௌரி நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளே மேஜை மேல் போன் அடித்தது. பெயரை அனுப்பும் முன் ஈவ்லின் மேடம் ஒருமுறை கேட்கிறார் போலிருக்கிறது. அவரிடமும் சொல்ல வேண்டும். ஜீவானந்தம் சத்தம் வந்த பக்கம் பார்த்தான், அவளைப் பார்த்தான், போய் எடுக்கவில்லை. அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட மோசமான ஒன்று இருந்தது, ஆச்சரியம்.

கீர்த்தனா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கல்மேடையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல் வாய் நீங்க சாப்பிடோணுங்க அத்தை."

கௌரி களியைக் கிள்ளி, குழம்பில் தொட்டு வாயில் போட்டாள். முழுங்கினாள். கீர்த்தனா கலத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்து, நேற்றிலிருந்து பட்டினி கிடந்த பசியோடு சாப்பிட ஆரம்பித்தாள். அதைப் பார்க்கப் பார்க்கக் கௌரிக்குக் கண் நிறைந்தது.

பாதி சாப்பிட்டதும் பெண் நிறுத்தினாள். சாத்திய கதவைப் பார்த்தாள்.

"அத்தை."

"என்ன கண்ணு?"

"இன்னொரு கலம் எடுத்துட்டு வாங்க. அம்மாவுக்கு."

கௌரி உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். களி கிண்டினாள். நல்ல கலமாகப் பார்த்து எடுத்துப் போட்டாள். கல்மேடையில் வைத்து, அதன் மேல் தட்டைக் கவிழ்த்து, அது ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சுதாராணியின் கதவு திறக்கவில்லை.